எம்.எஸ். சர்ஜரி பிராக்டிக்கல்: பித்தப்பை கேஸ் வந்தால்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். மனசு லேசாக இருக்கும்போதே அடுத்த பேட்ச்சுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு லாங் கேஸ் (விரிவாகப் பரிசோதித்து விளக்கவேண்டிய நோயாளி) அக்யூட் கோலிசிஸ்டைட்டிஸ், அதாவது பித்தப்பையில் திடீர் அழற்சி. மன்னார்குடிப் பக்கத்து அம்மா, ஐம்பது வயதுக்குள். மர்ஃபி பாசிட்டிவ் (வலது விலாவுக்குக் கீழே அழுத்தி மூச்சிழுக்கச் சொன்னால் வலியில் மூச்சு நிற்பது), கண்ணில் லேசாக மஞ்சள். டயக்னோசிஸ் வரை சீக்கிரமே தாண்டிவிட்டார்கள். மீதி நேரம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: "பிலிருபின் 2.6, சிபிடி 5 மி.மீ. இஆர்சிபிக்கு அனுப்புவியா?" பிலிருபின் என்பது மஞ்சளைக் காட்டும் ரத்த அளவு; சிபிடி, குடலுக்குப் பித்தம் போகும் பொதுக் குழாய்; இஆர்சிபி, வாய்வழி எண்டோஸ்கோப்பை விட்டு அந்தக் குழாயிலுள்ள கல்லை எடுப்பது.

"நேரே அனுப்பமாட்டேன் சார்" என்றேன். என்னைக் கரை சேர்த்தது அந்தப் பதில்தான்.

அழற்சி கண்ட பித்தப்பை மட்டுமே எல்எஃப்டியை (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை அளவுகளை) ஏற்றிவிடும். சிபிடியில் கல்லே இருக்காது. பித்தப்பையின் கழுத்தில் சிக்கிய கல் வெளியிலிருந்து குழாயை அழுத்தும் மிரிஸி சிண்ட்ரோமிலும் மஞ்சள் வரும். பிலிருபினை மட்டும் நம்பி இஆர்சிபி செய்தால், கல் இல்லாதவருக்கு பேங்க்ரியாடைட்டிஸை (கணைய அழற்சியை) வரவழைத்த கதையாகிவிடும். ஆன்டிபயாடிக் தொடங்கி எல்எஃப்டியைத் திரும்பப் பாருங்கள். வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

சிபிடியில் கல் இருக்கும் வாய்ப்பைப் பிரிக்கும் 2019 ஏஎஸ்ஜிஇ (அமெரிக்க எண்டோஸ்கோப்பி சங்கம்) அட்டவணை தூக்கத்திலும் வரவேண்டும்:

- ஹை ரிஸ்க்: ஸ்கேனில் சிபிடி கல் தெரிவது; அல்லது கோலாஞ்சைட்டிஸ் (பித்தக் குழாய்த் தொற்று); அல்லது பிலிருபின் 4-க்கு மேல், கூடவே குழாய் விரிவு (பித்தப்பை இருப்பவருக்கு 6 மி.மீ.க்கு மேல்). நேரே இஆர்சிபி.
- இன்டர்மீடியட்: எல்எஃப்டி மாற்றம், வயது 55-க்கு மேல், குழாய் விரிவு, இவற்றில் ஏதாவது. எம்ஆர்சிபி (பித்தக் குழாயைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்), எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் அல்லது ஆபரேஷன் டேபிளில் கோலாஞ்சியோகிராம் (குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே).
- எதுவுமே இல்லையா? லேப் கோலி (லேப்பராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுப்பது).

2010 பதிப்பில் பிலிருபின் 4-ஐத் தாண்டினால் அதுவே போதும். 2019-இல் குழாய் விரிவும் சேர்ந்து இருக்கவேண்டும். இந்த வித்தியாசத்தைக் கேட்பார்கள்.

கோலாஞ்சைட்டிஸ் மட்டும் தனி. காய்ச்சல், மஞ்சள், வலியோடு பிரஷரும் இறங்கி, ஆளும் குழம்பினால் எம்ஆர்சிபிக்காகக் காத்திருக்காதீர்கள். ஃப்ளூயிட், ஆன்டிபயாடிக், அவசரமாக டிரெய்னேஜ் (தேங்கிய பித்தத்தை வடிப்பது). பித்தப்பை அப்புறம்.

ஹிஸ்டரிக்கு வருகிறேன். நான் வார்டில் நின்று கற்றுக்கொண்ட ஆள். புத்தகப் புழுக்களுக்கு என் வழி ஒத்துவராமல் போகலாம். நம் டெல்டாவில் "வலி எத்தனை நாளா?" என்று கேட்டால் தேதி வராது. "நடவு அன்னிக்கு ஆரம்பிச்சுது" என்பார்கள். நடவு என்று, அறுப்பு என்று எனக் கேட்டு நாளைக் கணக்கிடுங்கள். சீக்கிரம் லேப் கோலி செய்யலாமா என்பதே அந்தக் கணக்கில்தான் நிற்கிறது: 72 மணி நேரம் சிறந்தது, அறிகுறி தொடங்கிப் பத்து நாள் வரை செய்யலாம் என்கிறார்கள். முதலில் "வாய்வு" என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கியிருப்பார்கள், மஞ்சள் தெரிந்ததும் கீழாநெல்லி குடித்திருப்பார்கள். திட்டாமல் கேளுங்கள். சிறுநீர் நிறம், மலம் வெளுத்தது, அரிப்பு மூன்றும் அவசியம்.

இன்னும் சில:

- அல்ட்ராசவுண்டில் கல் இல்லை என்றால் சிபிடி சுத்தம் என்று சொல்லாதீர்கள். டியோடினத்துக் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) காற்று குழாயின் கீழ்ப்பகுதியை மறைக்கும்.
- 5 மி.மீ.க்குக் குறைந்த கல்லை எம்ஆர்சிபி தவறவிடலாம்.
- இஆர்சிபியில் கல்லை எடுத்த பிறகு, அதே அட்மிஷனில் பித்தப்பையையும் எடுக்கவேண்டும்.
- "எம்ஆர்சிபி இல்லாத ஊரில்?" என்று கேட்டால் சி-ஆர்ம் (ஆபரேஷன் அறை எக்ஸ்ரே கருவி) வைத்து சிஸ்டிக் டக்ட் (பித்தப்பையை சிபிடியோடு இணைக்கும் குழாய்) வழியே கோலாஞ்சியோகிராம் என்று சொல்லுங்கள். கல் தெரிந்தால் லேப்பராஸ்கோப்பியிலேயே எடுப்பது அல்லது பிறகு இஆர்சிபி. எது என்பது கை தேர்ந்த ஆள் அங்கே இருப்பதைப் பொறுத்தது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். எக்ஸாமினர் தலையாட்டியது அங்கேதான்.