அபிராந்தோஸில் குருந்தம் தேடிய இரண்டு நாள்

கிரேக்கத்தின் நாக்சோஸ் தீவுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் கடற்கரையை விட்டு விலகுவதில்லை. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பலில் 5 மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்து, ஹோரா நகரில் இறங்கி, கடலோரத் திட்டில் தனியாக நிற்கும் பழைய அப்பல்லோ கோயிலின் பளிங்கு வாசலைப் பார்த்துவிட்டு, மணலில் படுத்துவிடுகிறார்கள். முதல் முறை போனபோது நானும் அதைத்தான் செய்தேன். செப்டம்பர் இறுதியில் இரண்டாம் முறை போனபோது, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் அபிராந்தோஸ் என்ற ஊரில் இரண்டு நாள் தங்குவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

ஹோராவிலிருந்து அந்த ஊர் 30 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பேருந்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கிறது. ஹால்கியைச் சுற்றியுள்ள ஒலிவத் தோப்புகளைக் கடந்து, ஆயிரம் மீட்டர் உயரமுள்ள ஸாஸ் மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஃபிலோத்தியில் பாதிப் பேர் இறங்கிக்கொள்ள, அதற்குப் பிறகு சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. நாக்சோஸ் அடங்கிய சிக்லடீஸ் தீவுகள் என்றாலே நீலக் கதவும் சுண்ணாம்பு வெள்ளைச் சுவரும்தான் என்று அஞ்சலட்டைகள் நம்மைப் பழக்கி வைத்திருப்பதால், ஒரு வளைவில் அபிராந்தோஸ் கண்ணில் பட்டதும் நான் அதை ஊர் என்றே முதலில் உணரவில்லை. மலையின் சாம்பல் நிறத்திலேயே வீடுகளும் இருந்தன. சுண்ணாம்பு பூசாத கல் சுவர்கள், வீட்டையும் வீட்டையும் இணைத்துத் தெருவுக்கு மேலே போகும் வளைவுகள், நுழைவிடத்தில் பாறைமேல் ஏறி நிற்கும் வெனிஸ் காலத்து ஸெவ்கோலி கோபுரம் ஆகியவை எல்லாம் ஒரே கல்லில் குடைந்து எடுத்தவை போலத் தோன்றின.

தெருக்கள் மட்டும் பளிங்கு. இதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் பளிங்குப் பலகைகள் பாவிய தெருவில் நடப்பது என்ன என்பது தூறல் விழுந்த பிறகுதான் புரிந்தது. பல தலைமுறைக் கால்களும் கோவேறு கழுதைகளின் குளம்புகளும் தேய்த்து வழவழப்பாக்கிய படியொன்றில் என் செருப்பு வழுக்க, பையோடு சேர்ந்து நான்கு படிகள் உட்கார்ந்தபடியே இறங்கினேன். திண்ணை போன்ற மேடையில் பச்சை அவரைக்காயின் நார் உரித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், கையில் இருந்த காயைக் கீழே வைக்காமலேயே, சுவரோரமாக நடக்கும்படி சைகை காட்டினார். சுவரோரத்தில் கல் சொரசொரப்பாக இருந்தது. மழை நாளில் ஊர்க்காரர்கள் யாரும் தெருவின் நடுவில் நடப்பதில்லை என்பதை அதற்குப் பின்னரே கவனித்தேன்.

ஆனால் நான் அங்கே தேடிப் போனது பளிங்கை அல்ல. நாக்சோஸின் வடகிழக்கு மலைகளில் எமரி என்னும் கனிமம் கிடைக்கிறது. கிரேக்கத்தில் அதற்கு ஸ்மிரீதா என்று பெயர். பட்டறைகளில் இரும்பைத் தேய்க்கும் எமரித் தாளைப் பார்த்தவர்களுக்கு அதைத் தெரிந்திருக்கும். அதன் முதன்மையான பொருள் குருந்தம். அதனோடு காந்த இரும்புத் தாது கலந்திருப்பதால்தான் அந்தக் கருமை. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த நிலையில் வைக்கப்படும் இந்தக் கனிமத்தை உலகம் முழுவதும் ‘கொரண்டம்’ என்கிறார்கள். அந்தச் சொல் நம்முடைய குருந்தத்திலிருந்து போனது. தமிழ்ச் சொல்லொன்றைச் சுமந்துகொண்டிருக்கும் ஒரு கல்லுக்காகக் கிரேக்க மலையில் ஏறுவது சற்று அசட்டுத்தனமான காரணம்தான். இதைவிடச் சிறிய காரணங்களுக்காகவும் நான் பயணம் போயிருக்கிறேன்.

கல் கிடைத்தது காப்பிக்கடையில். வளைவுக்கு அடியில் நான்கு மேசை போட்டிருந்த அந்தக் கடையில், சர்க்கரை பாதியளவு என்பதைக் குறிக்கும் ‘மெத்ரியோ’ என்ற சொல்லை மட்டும் சரியாகச் சொல்லி, சிறிய கோப்பையில் கிரேக்கக் காப்பியும் அதனுடன் வழக்கமாக வரும் தண்ணீர்க் குவளையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் இருந்த பெரியவருக்கு வலது கை ஆட்காட்டி விரலில் பாதி இல்லை. நான் ஸ்மிரீதா பற்றிக் கடைக்காரப் பெண்ணிடம் கேட்பதைக் காதில் வாங்கியவர், எழுந்து எங்கோ போய், கோழி முட்டையைவிடச் சற்றுப் பெரிய கருங்கட்டி ஒன்றோடு திரும்பி வந்தார். கையில் வாங்கியபோது கை தாழ்ந்தது. அந்த அளவுக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று கை எதிர்பார்க்கவில்லை. வெயிலில் திருப்பிப் பார்த்தால் மணல் மணலாக மினுங்கியது. அவர் அதை என்னிடமிருந்து வாங்கி, என் தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்து, அதன் அடியில் ஒரு கோடு இழுத்தார். கிறீச்சென்ற ஒலியோடு கண்ணாடியில் வெள்ளைத் தழும்பு விழுந்தது.

“தாத்தா, இந்த மாதத்தில் இது மூன்றாவது குவளை!” என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள் கடைக்காரப் பெண். அவள் அவருடைய பேத்தி என்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு நடந்த பேச்சு முழுவதையும் அவளே ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள்.

பெரியவர் 14 வயதில் தந்தையோடு சுரங்கத்துக்குள் போனவர். விற்கும் உரிமை அரசிடம் இருந்தாலும், தோண்டும் உரிமை இந்த மலையின் குருந்த ஊர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அவருடைய முன்னோர் காலத்தில், பாறையடியில் சுள்ளிகளைக் குவித்து நெருப்பு மூட்டி, சூடேறிய பாறைமேல் தண்ணீரை ஊற்றி வெடிக்கச் செய்து உடைத்தார்களாம். வெடிமருந்து பின்னால் வந்தது. முதலில் கோவேறு கழுதைகள் சுமந்த கல்லை, 1920களில் அமைத்த கம்பிவடப் பாதை தொட்டி தொட்டியாகக் கீழே மூச்சூனா துறைக்குக் கொண்டு போனது. செயற்கைத் தேய்ப்பான்கள் மலிந்து எமரிக்கு விலையில்லாமல் போக, 1978இல் அந்தக் கம்பிவடமும் நின்றது. “விரல்?” என்று நான் கேட்கத் தயங்குவதைப் புரிந்துகொண்டவர், தாமாகவே பாதி விரலை உயர்த்தி, “இதையும் அரசுக்கே விற்றேன், பெதீ மூ” என்றார். ‘என் பிள்ளாய்’ என்று பொருள் தரும் அந்த விளியை, என் தலைநரையைப் பார்த்த பின்னும் அவர் கடைசிவரை மாற்றவில்லை.

தானியம் அதிகம் விளையாத, கல்லை விற்று ரொட்டி வாங்கிய ஊர் என்பதால், இரண்டாம் உலகப் போர் ஆக்கிரமிப்பின்போது கிரேக்கத்தை வாட்டிய பஞ்சம் இங்கே கடுமையாகவே தாக்கியிருக்கிறது. அதைப் பற்றிப் பெரியவர் பேசவில்லை. பேத்தி அவர் எழுந்து போன பிறகு இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். 1941 மே 30 இரவில் ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் மீதேறி நாஜிக் கொடியை இறக்கிய இரண்டு இளைஞர்களில் ஒருவரான மனோலிஸ் க்ளேஸோஸ் 1922இல் இந்த ஊரில் பிறந்தவர். அதே 1922இல்தான், ஆசியா மைனரில் துருக்கியரிடம் கிரேக்கம் கண்ட போர்த் தோல்விக்குப் பொறுப்பாக்கப்பட்டு முன்னாள் பிரதமர் பெத்ரோஸ் ப்ரோதோபாபதாகிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் இந்த ஊர்க்காரரே. க்ளேஸோஸ் 1986இல் நாடாளுமன்றப் பதவியை விட்டு ஊருக்குத் திரும்பி ஊராட்சித் தலைவராகி, முடிவுகளை ஊர்க்கூட்டமே எடுக்கும் முறையை இங்கே நடத்திப் பார்த்தார் என்பதுதான் கொடிக் கதையைவிட எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மலையூர்க் கூட்டத்தில் எல்லோரையும் ஒரே நேரத்தில் பேச விடுவதற்குக் கொடியை இறக்கும் துணிச்சலைக் காட்டிலும் சற்றுக் கூடுதலாகவே துணிச்சல் வேண்டும்.

கூட்டத்தில் மட்டுமல்ல, பாட்டிலும் இவர்கள் வாய் ஓய்வதில்லை. கோத்சாக்கியா எனப்படும், இயைபு அமைந்த இரண்டடிப் பாட்டுகளை நின்ற இடத்தில் கட்டி எதிராளிக்குப் பதில் சொல்வது இந்த ஊரின் பெருமை. முன்னோர் கிரீட் தீவிலிருந்து வந்தவர்கள் என்று இவர்கள் சொல்லிக்கொள்வதற்கு ஏற்ப, பேச்சு வழக்கும் அந்தத் தீவை நினைவூட்டுவதாகச் சொல்கிறார்கள். அன்று மாலை இரண்டு மேசைகளுக்கு இடையே அப்படிப் பாட்டு பறந்தது. ஒன்றின் பொருளைச் சொல்லும்படி பேத்தியிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, “விளக்கினால் மாமா கோபிப்பார்” என்று காப்பிக் கோப்பைகளை எடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் பார்த்த சிறிய தொல்பொருள் அருங்காட்சியகத்தை யாரும் தவறவிடக் கூடாது. கோர்ஃபி தாரோனியூ என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த கற்பலகைகள் அங்கே இருக்கின்றன. வேட்டை, படகு, கைகோத்து ஆடும் மனிதர் என்று ஒவ்வொரு உருவமும் புள்ளி புள்ளியாகக் கொத்தப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்துப் பளிங்குப் பாவைகளைத் தேய்த்து மெருகேற்றியதும் இதே மலையின் எமரிதான். வெளியே நான் வழுக்கி விழுந்த பளிங்கையும், என் பையில் பெரியவர் திணித்த கருங்கட்டியையும் ஒன்றாக நினைத்துப் பார்க்க அந்த அறைதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பகலில் 11 மணி முதல் 3 மணி வரை சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும் நேரத்தில், ஊர் தன்னைக் காட்சிக்கு வைத்துக்கொள்கிறது. தறியில் நெய்ததாகச் சொல்லும் துணிகளில் சில எந்தத் தறியையும் கண்டவை அல்ல. ஊரைப் பார்க்க வேண்டுமானால் இரவு தங்க வேண்டும். பிற்பகல் ஓய்வு நேரத்தில் கதவுகளைத் தட்டாமல் இருக்க வேண்டும். பருவம் முடியும் காலத்தில் பேருந்து நேரம் மாறிவிடுகிறது என்பதையும், நிறுத்தத்தில் வீணாக இரண்டு மணி நேரம் காத்திருந்தவன் என்ற முறையில் சொல்லி வைக்கிறேன்.

அந்தக் காத்திருப்பைப் பார்த்துப் பொறுக்காமல் பேத்தியின் மாமா தம் வண்டியில் மூச்சூனாவுக்கு அழைத்துப் போனார். சாலையோரச் சரிவுகளில் கம்பிவடத்தின் இரும்புக் கோபுரங்கள் துருவேறி நிற்கின்றன. சில இடங்களில் தொட்டிகள் இன்னும் கம்பியிலேயே தொங்குகின்றன. கப்பலில் ஏற்றப்பட வேண்டிய கடைசிச் சுமை எப்போதோ போய்விட்டது என்று தெரியாதவை போலக் காற்றில் ஆடின. அவற்றில் ஒன்றைப் படமெடுக்க வண்டியை நிறுத்தச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தேன். அதே பையில்தான் காலையில் அந்தக் கருங்கட்டியையும் போட்டிருந்தேன். திரையின் குறுக்கே, மூலைக்கு மூலை, வெள்ளையாக ஒரு நேர்கோடு. மாமா எட்டிப் பார்த்து, மீசைக்குள் சிரித்தபடி, ஈரடியில் ஏதோ பாடினார்.