இறங்கிப் போய் ஏறிய எருசலேம்

வடக்கே கலிலேயாவிலிருந்து யோர்தான் பள்ளத்தாக்கு வழியாக எருசலேமுக்குப் போகிறவர்கள் முதலில் கீழே இறங்க வேண்டும். அதுவும் கடல் மட்டத்துக்கும் கீழே. அப்புறம்தான் ஏற்றம். ஞாயிறு பள்ளிச் சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தெரியாது. அந்த வரைபடத்தில் நாசரேத்தும் எரிகோவும் எருசலேமும் ஒரே மட்டத்தில் வெறும் புள்ளிகளாக இருக்கும். பரிசுத்த பூமிக்குப் போய் வந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்தப் புள்ளிகளுக்கு உயரமும் பள்ளமும் வந்ததுதான்.

நாங்கள் போனது 2023 அக்டோபரில் போர் தொடங்குவதற்கு முன்பு, மழைக்காலம் முடிந்து மலையெல்லாம் பச்சையாக இருந்த மார்ச் மாதத்தில். ஒரு வேனில் அடங்கிவிடும் சின்னக் குழு. போதகர் ஐயா, அவர் மனைவி ஐயரம்மா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், முழங்கால் வலியோடு வந்த என் பெரியம்மா, இரண்டு மூன்று குடும்பங்கள், அவ்வளவுதான். பெரிய பேருந்துகளில் வருகிற குழுக்களை வழியெல்லாம் பார்த்தோம். முன்னால் ஒருவர் கொடியைத் தூக்கிப் பிடிக்க, பின்னால் ஐம்பது பேர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். எங்களுக்குக் கொடியும் வேண்டியிருக்கவில்லை, காதுக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. வழிகாட்டி நாசரேத்தைச் சேர்ந்த அரபுக் கிறிஸ்தவர். அவர் "யல்லா" என்றால் கிளம்ப வேண்டும். இரண்டாம் நாளே பெரியம்மா அவருக்கு முந்திக்கொண்டு எல்லாரையும் "யல்லா, யல்லா" என்று விரட்ட ஆரம்பித்துவிட்டார்.

நாசரேத் சுமார் 350 மீட்டர் உயரத்தில் மலைமேல் இருக்கிறது. இயேசு பிறப்பார் என்று தேவதூதன் மரியாளுக்குச் சொன்னதை நினைவுகூரும், 1969-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட மங்கள வார்த்தை பேராலயம் பிரம்மாண்டமானது. பல நாடுகள் அனுப்பிய மரியாளின் படங்கள் சுவரெங்கும் இருக்கின்றன. "நம்ம சிஎஸ்ஐக்காரங்களுக்கு மாதா கோயில்ல என்ன வேலை?" என்று ஊரிலேயே கேட்டவர்தான் (சிஎஸ்ஐ எங்கள் புராட்டஸ்டண்ட் சபை), அடித்தளத்தில் இருக்கும் அந்தச் சின்னக் குகை முன்னால் எல்லாரையும்விட அதிக நேரம் நின்றார். கல்யாண வீட்டில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவில் தம்பதிகள் கைபிடித்துக் கல்யாண உடன்படிக்கையைப் புதுப்பித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஐயரம்மாவுக்கு அதில் ரொம்ப வெட்கம். வெளியே கடைக்காரர்கள் கானா திராட்சரசத்தைக் குப்பி குப்பியாக நீட்டினார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

கானாவை விட்டதும் வேன் இறங்கத் தொடங்கியது. கலிலேயக் கடல் கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே இருக்கிறது. அந்த வளைவுகளில் இறங்கும்போது, மகன் சாகக் கிடக்கிறான் என்று ஏரிக்கரையிலுள்ள கப்பர்நகூமிலிருந்து கானாவுக்கு இயேசுவைத் தேடி வந்த ராஜாவின் மனுஷன் ஞாபகத்துக்கு வந்தான். அந்த மனுஷன் வந்தது முழுக்க ஏற்றம், ஏறக்குறைய ஒரு நாள் நடை. "உன் குமாரன் பிழைத்திருக்கிறான்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் திரும்பி இறங்கியிருக்கிறான். பலமுறை பிரசங்கத்தில் கேட்ட கதைதான். சன்னல் வழியாக அந்தச் சரிவைப் பார்த்தபோதுதான் அவன் விசுவாசத்தின் எடை தெரிந்தது.

பெயர்தான் கடல், உண்மையில் அது நன்னீர் ஏரி. நீளம் 21 கிலோமீட்டர், அகலம் 13 கிலோமீட்டர். ஒரு கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியும். படகில் போய் நடுவில் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னோம். சின்னக் குழு என்பதால் படகுக்காரர் முகம் சுளிக்கவில்லை. இயேசு புயலை அடக்கிய வேதப்பகுதியைப் போதகர் ஐயா வாசித்தார். அன்றைக்குத் தண்ணீர் அசையவே இல்லை. இவ்வளவு சின்ன ஏரியில் மீனவர்களையே பயமுறுத்தும் புயல் எப்படி வரும் என்று வாத்தியார் கேட்டார். கிழக்கேயும் மேற்கேயும் மலை, நடுவே ஆழமான பள்ளம். மேலிருந்து குளிர்ந்த காற்று திடீரென்று சரிந்து இறங்கினால், பள்ளத்தில் தேங்கிக் கிடக்கும் சூடான காற்றோடு மோதிக் கொஞ்ச நேரத்தில் அலை எழும்பிவிடும் என்று வழிகாட்டி விளக்கினார். ஆக, புயலுக்கும் அந்தப் பள்ளம்தான் காரணம்.

1986-இல் வறட்சியால் ஏரி வற்றியபோது கரைச் சேற்றில் ஒரு பழைய படகு கிடைத்தது. கினோசர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். முதலாம் நூற்றாண்டு வாக்கில் செய்தது. 8.2 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம். பல ஜாதி மரத்துண்டுகளை ஒட்டுப் போட்டுச் செய்திருக்கிறார்கள். நல்ல மரம் வாங்க வசதியில்லாத மீனவனின் படகு என்பது பார்த்தாலே தெரிகிறது. இயேசு ஏறிய படகு இதுதான் என்று யாரும் சொல்வதில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. மதியம் 'பேதுருவின் மீன்' என்று முழுசாகப் பொரித்துக் கொண்டுவந்தார்கள். நம்ம ஜிலேபிக் கெண்டைக்குச் சொந்தக்கார மீன்தான். எலுமிச்சம்பழமும் உப்பும் மட்டும் போட்டிருந்தார்கள். பெரியம்மா பையிலிருந்து மிளகாய்ப் பொடியை எடுத்தார், மேஜை முழுக்கச் சுற்றிவந்தது.

கப்பர்நகூமில் நான் எதிர்பார்க்காதது அதன் சிறிய அளவு. கருங்கல்லில் கட்டிய குட்டி வீடுகளின் அடித்தளங்கள், நடுவே வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு யூத ஜெப ஆலயம். அதற்கு அடியில் இன்னும் பழைய கருங்கல் கட்டு தெரிகிறது. அங்கிருந்து சீமோன் பேதுருவின் வீடு என்று ஆதிமுதல் போற்றப்பட்ட இடத்துக்கு ஒரு நிமிஷ நடைகூட இல்லை. அந்த வீட்டைச் சுற்றி ஐந்தாம் நூற்றாண்டில் எண்கோணத்தில் ஆலயம் கட்டினார்கள். 1990-இல் அதன்மேல் கால்களில் நிற்கும் ஒரு புது ஆலயம் எழும்பியது. தரையில் கண்ணாடி பதித்திருப்பதால் குனிந்து பார்த்தால் பழைய வீடு தெரியும். புதுக் கட்டடம் எனக்கு ரசிக்கவில்லை, தட்டு கவிழ்த்ததுபோல் இருக்கிறது. ஆனால் இயேசு ஜெப ஆலயத்தை விட்டு வந்தவுடனே சீமோனின் மாமி ஜுரத்தோடு கிடந்த வீட்டுக்குப் போனார் என்று மாற்கு எழுதியது அங்கே நின்றால் சட்டென்று புரிகிறது. பக்கத்துத் தெரு!

அடுத்து தெற்கு நோக்கி யோர்தான் பள்ளத்தாக்கு. பச்சை மெல்ல மெல்ல மறைந்து பழுப்பாகிறது. கஸ்ர் எல் யஹுத் என்ற இடத்தில் இயேசு ஞானஸ்நானம் பெற்றதாக நம்புகிறார்கள். போகும் பாதையின் இருபுறமும் கம்பிவேலி, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள். 1967 போருக்குப் பிறகு பல காலம் மூடிக் கிடந்து, 2011-இல் முழுமையாகத் திறந்த இடம். நதியோ கலங்கல், சில மீட்டர் அகலம்தான். குஷ்டம் நீங்க யோர்தானில் முழுகச் சொன்னபோது, இதற்கு எங்கள் தமஸ்குவின் ஆறுகள் மேல் என்று சீரியப் படைத்தலைவன் நாகமான் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. எதிர்க்கரை யோர்தான் நாடு. அங்கேயும் ஒரு குழு வெள்ளை அங்கியில் நின்றது. அவர்கள் பாடும்போது நாங்கள் கேட்டோம், நாங்கள் பாடும்போது அவர்கள் கேட்டார்கள். நடுவில் ஒரு மிதவைக் கயிறு, இருகரையிலும் துப்பாக்கியோடு காவலர்கள்.

சாக்கடல் கரை கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் அதிகமான பள்ளம். உலகத்திலேயே தாழ்ந்த தரை அதுதான். மிதந்தோம், சிரித்தோம், கண்ணில் உப்பு பட்டவர்கள் அழுதார்கள். யோர்தான் நதியின் தண்ணீரை மேலேயே எடுத்துவிடுவதால் அது வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் வற்றிக்கொண்டு போகிறது. பழைய கரையில் கட்டிய கட்டடங்கள் இப்போது தண்ணீரை விட்டுத் தூரத்தில் நிற்கின்றன. எரிகோவில், இயேசுவைப் பார்க்கச் சகேயு ஏறிய காட்டத்தி மரம் என்று ஒன்றைக் காட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டோம். அது அதே மரமா என்று வாத்தியார் கேட்டதற்கு வழிகாட்டி, "அதே ஜாதி" என்றார்.

இனி ஏற்றம். எரிகோ கடல் மட்டத்துக்கு 250 மீட்டர் கீழே, எருசலேம் 750 மீட்டர் மேலே. முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் ஆயிரம் மீட்டர் உயரம். வழியில் 'கடல் மட்டம்' என்று எழுதிய பலகையும், அதன் அருகே படம் எடுக்க ஓர் ஒட்டகமும் நிற்கின்றன. இருபுறமும் மொட்டை மலைகள். நல்ல சமாரியன் கதையில் கள்ளர் கையில் அகப்பட்ட மனுஷன் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிய பாதை இதுதான். ஒளிந்திருக்கக் கள்ளருக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. பண்டிகைக்குக் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், பிள்ளைகளையும் ஆட்டுக்குட்டிகளையும் கூட்டிக்கொண்டு இந்த ஏற்றத்தை நடந்தே கடந்திருப்பார்கள். வேனிலேயே எங்களுக்குக் காது அடைத்தது. 'பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்' என்ற 121-ஆம் சங்கீதத்தை யாரோ மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்கள், எல்லாரும் சேர்ந்துகொண்டோம். ஒரு சுரங்கப்பாதை. அதைத் தாண்டியதும் எருசலேம்.

அந்த நகரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நிற்காது. மதில் சூழ்ந்த பழைய நகரம் ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. வெள்ளிக்கிழமை அங்கே இருந்தது எங்கள் பாக்கியம். மதியம் தொழுகை முடிந்து ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் குறுகிய தெருக்களில் வீடு திரும்புகிறார்கள். அதே தெருவில் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் சிலுவைப் பாதை ஊர்வலத்தைத் தொடங்குகிறார்கள். சாயங்காலம் ஓய்வுநாள் தொடங்கியதை அறிவிக்கும் சங்கு ஒலிக்க, கறுப்பு அங்கி போட்ட யூதர்கள் மேற்குச் சுவரை நோக்கி வேகமாக நடக்கிறார்கள். இவ்வளவும் தோளோடு தோள் உரசும் சந்துகளில். ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல் கடந்து போகிறார்கள். மூலைக்கு மூலை ஆயுதம் ஏந்திய காவலர்கள். இந்த மண்ணின் துக்கத்தைப் பார்க்காமல் பரவசப்பட்டுக்கொண்டே நடக்க என்னால் முடியவில்லை.

ஒலிவ மலையில் 'பரமண்டல ஜெப' ஆலயச் சுவர்களில் இயேசு கற்றுக்கொடுத்த அந்த ஜெபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பீங்கான் பலகைகளாகப் பதிந்திருக்கிறது. தமிழ்ப் பலகையைக் கண்டதும் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். அங்கிருந்து, இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த தோட்டமாகிய கெத்செமனேவுக்கு இறங்கும் பாதை சரியான செங்குத்து. பெரியம்மாவுக்கு நாங்கள் மாறி மாறிக் கை கொடுத்தோம். கெத்செமனேயின் ஒலிவ மரங்களை 2012-இல் வெளியான ஆய்வு 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று சொன்னது. இயேசுவைப் பார்த்த மரங்கள் இவை என்று ஊரில் சொல்லக் கேட்டிருந்த ஓர் அக்காவுக்கு ஏமாற்றம்தான்.

இயேசு சிலுவையில் அறையப்பட்டு அடக்கமான இடம் என்று போற்றப்படும் பரிசுத்த கல்லறை ஆலயத்துக்கு விடிவதற்கு முன்பே நடந்து போனோம். இது பெரிய குழுவால் ஆகாத காரியம். அந்தக் கதவின் சாவியை ஒரு முஸ்லிம் குடும்பம் வைத்திருக்கிறது, கதவைத் திறப்பது இன்னொரு முஸ்லிம் குடும்பம். பல நூற்றாண்டுகளாக அப்படித்தான். உள்ளிருந்து ஒரு சின்னத் துவாரம் வழியாக ஏணியை நீட்டுகிறார்கள், அதில் ஏறி மேல் பூட்டைத் திறக்கிறார்கள். கிரேக்கர், லத்தீன் கத்தோலிக்கர், அர்மீனியர், கோப்திக்கர், எத்தியோப்பியர், சீரியர் என்று ஆறு சபைகள் பங்கு போட்டிருக்கும் ஆலயம். எந்த விளக்கு யாருடையது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் அரசு உறுதிசெய்த 'உள்ளபடியே' என்ற ஏற்பாட்டின்படி. முகப்பு மாடத்தில் ஒரு மர ஏணி 18-ஆம் நூற்றாண்டிலிருந்து அப்படியே சாய்ந்து நிற்கிறது. எடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கிறிஸ்தவர்களுக்குள் சமாதானம் காக்க முஸ்லிம் கையில் சாவி. சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

உள்ளே, சிலுவை நின்ற கல்வாரிக்கும் செங்குத்தான படிகள்தான். பீடத்தின் அடியில் கண்ணாடிக்குள் பாறை தெரிகிறது. எங்களில் பலருக்கு அந்த இருட்டும் சாம்பிராணியும் தொங்கும் விளக்குகளும் ஒட்டவில்லை. மதிலுக்கு வெளியே, இயேசுவின் கல்லறை என்று சிலர் நம்பும் தோட்டக் கல்லறையில் திருவிருந்து எடுத்தபோதுதான் நிம்மதி என்றார்கள். அங்கே பூச்செடிகளும் பறவைச் சத்தமும் உண்டு. அந்தக் கல்லறை இயேசுவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எனக்கோ நெரிசலும் சச்சரவும் உள்ள அந்தப் பழைய ஆலயமே மெய்யாகத் தோன்றியது. கல்வாரியில் அன்றைக்கும் கூச்சல்தானே இருந்திருக்கும்?

பெத்லகேமுக்குப் போக ஒரு பிரமாண்டமான கான்கிரீட் சுவரைத் தாண்ட வேண்டும். அங்கே உள்ளூர் வழிகாட்டி ஏறிக்கொண்டார். இயேசு பிறந்ததாக நம்பும் குகையின்மேல் கட்டிய ஆலயத்தின் வாசல் நாலடி உயரம்தான், குனியாமல் நுழைய முடியாது. குகையில் 14 முனை வெள்ளி நட்சத்திரம். வரிசையில் முட்டி மோதி, தொட்டு, எழுந்துவிட்டோம். அந்தக் கூட்டத்தில் ஜெபம் செய்ததாகச் சொன்னால் அது பொய்.

போகப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலைமை சரியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் முன்பணம் கட்ட வேண்டும். எருசலேமின் கல்தெருக்கள் வழவழப்பானவை, வழுக்காத செருப்பு வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். இஸ்ரேலின் நாணயமான ஷெகெலில் கொஞ்சம் சில்லறை கையில் இருக்கட்டும். சில பயணத் திட்டங்கள் எருசலேமில் தொடங்கி வடக்கே போய் முடிகின்றன. முடிந்தால் அதை மாற்றி, கலிலேயாவிலிருந்து தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். எரிகோவை விட்டுக் கிளம்பும் நேரமும் பகலாக இருக்கட்டும். இருட்டிவிட்டால் அந்த ஏற்றத்தில் காது அடைப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.