குதிகாலுக்கு ஒரு கட்டை

இன்று காலை, மிச்சிகனில் பக்கத்து வீட்டுக்காரரின் வாத்து வேட்டைப் படகுக்குள் மல்லாந்து படுத்துப் பார்த்தேன்.

பத்தே நிமிடத்தில் கழுத்து வலித்தது.

செயின்ட் கிளேர் ஏரியில், நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் இவ்வகைப் படகில், தலையைச் சற்றே உயர்த்தியபடி நவம்பர் குளிரில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். வலிக்கிற உடம்பு தன்னையறியாமல் அசையும். அசைவைக் கண்டால் வாத்துகள் விலகிப் பறந்துவிடும்.

அதனால் அவர் தண்ணீரை உறிஞ்சாத நுரை மெத்தையை அடியில் விரித்து, சாய்வை மாற்றக்கூடிய முதுகுப் பலகையொன்றைக் கீல் வைத்துப் பொருத்தியிருக்கிறார்.

என்னைக் கவர்ந்தது, குதிகாலை ஊன்ற அவர் ஒட்டிவைத்த சிறு மரக்கட்டைதான். அது இல்லையென்றால் அலையாட்டத்தில் உடம்பு மெல்லச் சறுக்கி, இடுப்பு பலகையை விட்டு விலகிவிடும்; அதன்பின் எவ்வளவு நல்ல மெத்தையும் பயன்படாது.

அடுத்து, விளிம்புக்கு மேல் தலை தெரியாத உயரத்தில் ஒரு தலையணை தைக்கப்போகிறார்.