எஞ்சின் கொட்டகை நாட்குறிப்பு

ஜூன் 2, 2025

கேரளத்தில் இன்று பள்ளி திறந்தது. கொழிஞ்சாம்பாறைச் சாலையில் மஞ்சள் பேருந்து ஒலியெழுப்பிப் போனபோது மகள் தலையைத் திருப்பவில்லை. நான்தான் சன்னல்வரை போய்த் திரும்பினேன். காலையில் அவள் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தேன். கலங்கல் இல்லை.

ஜூன் 5

கரண்ட் மோட்டார் வந்தபின் கிணற்று மேட்டில் சாக்குப் போர்த்திக் கிடந்த பழைய ஐந்து குதிரைத்திறன் டீசல் எஞ்சினை அப்பா துடைக்கத் தொடங்கியிருக்கிறார். இனி நான் பாடத்திட்டம் எழுத வேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

“பிளக் எங்கீங்க அப்புச்சி?” என்று அவள் கேட்டாள். அப்பா பதில் சொல்லாமல் சைக்கிள் பம்பை எடுத்து வந்து, குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பத்துப் பன்னிரண்டு முறை வேகமாக அழுத்தி, அதன் அடிப்பாகத்தில் அவள் விரலை வைத்தார். “சுடுதுங்க!” சுருங்கும் காற்று சூடாகும் என்பதை நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் அவள் கொட்டாவி விட்டிருப்பாள். டீசல் எஞ்சினில் காற்று ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காக நெருக்கப்பட்டு 500 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. 200 டிகிரிக்குச் சற்று மேலேயே தானாகப் பற்றிக்கொள்ளும் டீசல் அதில் பீய்ச்சப்படும்போது தீப்பொறி தரும் பிளக்குக்கு வேலையே இல்லை.

ஜூன் 6

கலங்கல் இல்லை. மாத்திரை ஒன்றுவிட்டு ஒருநாள் என்று ஆகியிருக்கிறது. முகம் இன்னும் வட்டமாகவே இருக்கிறது.

ஜூன் 11

எஞ்சின் ஓடியது. வால்வைத் தூக்கிப் பிடிக்கும் நெம்புகோலைப் போட்டுவிட்டு, கைப்பிடியால் வீலைச் சுழற்றி, வேகம் வந்ததும் நெம்புகோலை விட்டார் அப்பா. கைப்பிடி எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும் என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. பாலக்காட்டுக் கணவாயின் மேல்காற்று புகையைக் கிழக்கே கொண்டுபோனதால் அவளை மேற்குப் பக்கம் நிற்க வைத்தேன். முதலில் வெள்ளைப் புகை வந்தது. எஞ்சின் குளிர்ந்திருப்பதால் டீசல் எண்ணெய் எரியாமலே வெளியேறுகிறது என்றார். கறுப்பு வந்தால் எண்ணெய்க்கு ஏற்ற காற்று இல்லை, நீலம் வந்தால் மசகெண்ணெய் எரிகிறது. அவள் மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டாள்.

பிறகு கைப்பேசியில் ஒலியைப் பதிந்து, வேகத்தைக் குறைத்து எண்ணினாள். பத்து நொடியில் 53 வெடிப்புகள். நிமிடத்துக்கு 318. நான்கு வீச்சுக்கு ஒரு வெடிப்பு, அதாவது இரண்டு சுற்றுக்கு ஒன்று என்பதால் 636 சுற்றுகள். பெயர்த்தகட்டில் 650 என்று இருக்கிறது. “தண்ணி இழுக்குதுல்ல, அதான் கொறைஞ்சிருக்கு” என்றாள். நான் திருத்த ஒன்றுமில்லை.

ஜூன் 12

தூக்கமில்லை. அந்தப் புகையில் நிற்க வைத்திருக்கக் கூடாது.

ஜூன் 17

காலையில் சோதனைக் குழாயின் மேல்பாதியை ஸ்பிரிட் விளக்கில் நான் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, அவள் எவர்சில்வர் கரண்டியைக் கொண்டுவந்து சுடருக்கு மேல் பிடித்தாள். கரி படியவில்லை. பூசையறை நல்லெண்ணெய் விளக்கில் பிடித்ததும் கறுத்துவிட்டது. சாராயத்தின் மூலக்கூற்றிலேயே ஆக்சிஜன் இருக்கிறது, எண்ணெயில் கரிமமே மிகுதி என்று சொன்னேன். நேற்றுப் பார்த்த காணொளியில், கண்ணாடித் தலை பொருத்திய எஞ்சினுக்குள் பெட்ரோல் மஞ்சளாகவும் சாராயம் நீலமாகவும் எரிந்ததை அவளே நினைவுகூர்ந்தாள். இரண்டு சொட்டு வினிகர் விட்டும் குழாய் தெளிவாகவே இருந்தது. அவள் இதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

ஜூன் 23

இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைச் சோதித்தோம். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன். பெட்ரோலின் ஆவி சுழியத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பற்றக்கூடியது. திறந்தவெளியில் அளவுக் குவளையில் 50 மில்லி பெட்ரோலும் 10 மில்லி நீரும் ஊற்றி அப்பா குலுக்க, அவள் சன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். எத்தனால் பெட்ரோலை விட்டு நீரோடு சேர்ந்துவிட, கீழடுக்கு 19 கோட்டில் நின்றது. ஒன்பது மில்லி என்றால் 18 விழுக்காடு. இருபது என்றே எழுதிவிடலாம் என்றார் அப்பா. அவள் மறுத்துவிட்டாள். பிறகு, 50 மில்லி எத்தனாலும் 50 மில்லி நீரும் கலந்தால் நூறு வராமல் 97-க்கு அருகில் நிற்கும் என்று படித்துச் சொன்னேன். 18 என்பதை அடிக்காமல் அதன் பக்கத்தில் இதையும் எழுதினாள்.

ஜூன் 24

சின்னம்மா தொலைபேசியில், பத்தாம் வகுப்பை எப்படி எழுதுவாள் என்று கேட்டார். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதலாம், அதற்கு 14 வயது ஆக வேண்டும், இவளுக்குப் பதினொன்றுதான் ஆகிறது என்றேன். மூன்று ஆண்டுகள் என்று சொன்னபோது என் குரல் சரியாக வரவில்லை.

ஜூன் 29

1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியதைப் படித்ததிலிருந்து, நம் செக்கு எண்ணெயை ஊற்றலாமா என்று ஒரே நச்சரிப்பு. அது டீசலைவிடப் பல மடங்கு கெட்டி, எண்ணெயைப் பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொள்ளும் என்று அப்பா அசைய மறுக்கிறார். பாதிப் பாதி கலந்தால், வெந்நீரில் வைத்துச் சூடாக்கினால் என்று பேரம் நடக்கிறது. ஞாயிறன்று ஒரு கால்பங்கு பார்க்கலாம் என்று இறங்கி வந்திருக்கிறார்.

ஜூலை 2

காலையில் கண்ணிமை சற்றுத் தடித்திருந்தது. அழுதாயா என்றேன். இல்லை என்றாள்.

ஜூலை 3

மேல்பாதி வெள்ளையாகத் திரண்டது. வினிகர் விட்டும் கரையவில்லை. குழாயைக் கழுவி மறுபடி செய்தேன்.

கால்பங்கு எண்ணெயை அளந்து பாட்டிலில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஜூலை 4

காலை 5.40. விளக்கை ஏற்றிவிட்டேன்.