நொய்யரிசி அளவு சதை

யாங்கூனில் ஒரு நோயியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் இந்த ஊர் இன்னும் ரங்கூன்தான். என்டோஸ்கோபி குழாய் வழியாக இரைப்பையிலிருந்து கிள்ளியெடுத்த சதை, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவக் குப்பியில் எங்கள் மேசைக்கு வரும். நொய்யரிசி அளவுதான் இருக்கும். அதற்காக ஒரு மனுஷர் பட்டினி கிடந்து, குழாயை விழுங்கி, ஓங்கரித்திருப்பார். எங்கள் கை தவறினால் அவர் மறுபடி விழுங்க வேண்டும். அந்த நினைப்பு இல்லாமல் நான் எந்தக் குப்பியையும் திறந்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு பாட்டியின் குப்பி வந்தது. காளியம்மன் கோவில் பக்கம் பூக் கட்டுகிறவர். இரண்டு வருஷமாக வயிறு உப்புசம், பசியில்லை. கேஸ்தான் என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். வயிற்றில் எது வந்தாலும் நம் ஜனங்களுக்குக் கேஸ்தான். எனக்கு ஆகவே ஆகாத வார்த்தை அது.

துணுக்குகளைச் சாயங்காலம் மெஷினில் ஏற்றினேன். ஆல்கஹால் நீரை எடுக்கும், சைலீன் என்ற திரவம் ஆல்கஹாலை எடுக்கும், அந்த இடத்தில் உருகிய மெழுகு புகும். மெழுகு இறுகினால்தான் சதையை மெல்லிசாகச் சீவ முடியும். விடிய விடிய ஓடும் வேலை. நடுராத்திரி கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை, டீசல் தீர்ந்ததை யாரும் பார்த்து வைக்கவில்லை. துணுக்குகள் இருந்த கூடை நின்ற இடம் சைலீன். அதிலேயே ஊறிக் கிடந்தால் சதை மொறமொறத்து, கத்தி பட்டதும் பொடியாய் உதிரும். சைலீன் பக்கத்தில் நெருப்பும் கூடாது. காவல்கார அண்ணனிடம் கரியடுப்பு வாங்கி, வெளி வராந்தாவில் வெந்நீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தை இறக்கி மெழுகை உருக்கினேன். உருகியதும் உள்ளே போய்க் கூடையைத் தூக்கி வந்து அதில் அமிழ்த்தினேன். சூடு 60 டிகிரியை விட்டு ஏறாமல் இறங்காமல், விசிறுவதும் நிறுத்துவதுமாக விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் 4 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் நாலு பங்கு கனத்தில் சீவி வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டேன். வெங்காயச் சருகுபோல விரிந்து மிதந்தது. ஒரு கிழிசல் இல்லை.

அல்சியன் நீலம் என்ற சாயம் ஏற்றிய ஸ்லைடில் ஆங்காங்கே குட்டிக் குட்டி நீலக் கிண்ணங்கள். குடலில் இருக்க வேண்டிய செல்கள் அவை, இரைப்பையில் அவற்றுக்கு இடமில்லை. கீம்சா என்ற இன்னொரு சாயம் ஏற்றிய ஸ்லைடில், சளிக்குள் வளைந்து வளைந்து ஹெலிகோபாக்டர் கிருமிகள். 1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் கண்டது இதைத்தான். அமிலம் சுரக்கும் இரைப்பையில் கிருமி தங்காது என்று மருத்துவர்கள் நம்பிய காலம். 1984இல் அவரோடு ஆராய்ந்த டாக்டர் பாரி மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பை அழல்வதைக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல். கிருமி பல வருஷம் அரித்து, உள்தோல் தேய்ந்து, குடல்தோலாக மாறி, அதற்கப்புறம் சிலருக்கு மட்டும் புற்றாகும். பாட்டி பாதி வழியில் இருந்தார். திரும்பி வர முடியாவிட்டாலும் அங்கேயே நிறுத்தப் பார்க்கலாம்.

ரிப்போர்ட் வாங்க வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னப்பா, கெட்டதா?" எங்கள் வாயால் சொல்லக்கூடாது. பர்மிய டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய், அவர் சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னேன். "புத்துநோய் இல்ல பாட்டி. வயித்துக்குள்ள தோலு கொஞ்சம் மாறியிருக்கு. கிருமிக்கு 14 நாள் மருந்து, ஒருவேளைகூட விடக்கூடாது. அப்புறம் மறுபடி குழாய் போட்டுப் பாக்கணும்."

"மறுபடியுமா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்தார். "அன்னைக்கும் நீ இருப்பியாப்பா?"

"இருப்பேன் பாட்டி."