பிரேரிப்பவர் ஒருவர், ஆமோதிப்பவர் ஒருவர்

எங்கள் கல்லூரி உயர்தர மாணவர் மன்றத்தில் பேச்சுத் திறமையை விடக் கூட்ட ஒழுங்குக்குத்தான் மதிப்பு அதிகம். தேவாரம் முடிய, செயலாளர் சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பார். ஒருவர் பிரேரித்து இன்னொருவர் ஆமோதித்தால்தான் அது ஏற்கப்படும். ஆமோதிக்க ஆளில்லாத பிரேரணை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்த இடத்திலேயே விழுந்துவிடும். “சேர், நல்ல விஷயந்தானே” என்று கெஞ்சினாலும் பொறுப்பாசிரியர் அசையமாட்டார். வெறும் சடங்கு என்று அப்போது பலருக்குப் பட்டது.

இங்கிலாந்தில் உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனுவைப் பார்த்தவர்களுக்கு அந்த மன்றம் நினைவுக்கு வராமல் போகாது. சபை உறுப்பினராகப் போட்டியிட அந்தப் பகுதி வாக்காளர் இருவரின் ஒப்பம் போதும். ஒருவர் பிரேரிப்பவர், மற்றவர் ஆமோதிப்பவர். கட்டுப்பணம் கிடையாது. பாராளுமன்றத்துக்கென்றால் பத்து ஒப்பமும் 500 பவுண் கட்டுப்பணமும் வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் வாக்கு விழாவிட்டால் அந்தப் பணம் போனதுதான்.

லண்டனில் எங்கள் சங்க ஒன்றுகூடல்களில் இப்போது காலநிலைக் கதை கூடிவிட்டது. யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லின் கீழுள்ள நன்னீரை அளவுக்கு மீறி இறைத்து, கிணறுகள் உவராகிற கதை. 2021 யூலை 25 அன்று கிழக்கு லண்டனில் மழைநீர் நியூஹாம் மருத்துவமனைக்குள்ளேயே புகுந்த கதை. 2022 யூலை 19 அன்று லிங்கன்ஷயர் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை வெப்பம் பதிவான கதை. அன்றுதான் லண்டனின் கிழக்கு ஓரத்தில் வெனிங்டன் கிராமத்து வீடுகள் எரிந்தன. எல்லாம் உண்மை. ஆனால் கதை பெருமூச்சில் முடிந்து, அடுத்ததாகக் கொத்துரொட்டி வந்துவிடுகிறது. குறை கவலையில் இல்லை. அதைப் பிரேரணையாக எழுதி உரிய மேசையில் வைக்க ஆளில்லாததில் இருக்கிறது.

எழுதி வைத்தவர்கள் வென்றதற்குச் சான்று இந்த நாட்டிலேயே உண்டு. 2005இல் ‘பிரெண்ட்ஸ் ஒவ் தி ஏர்த்’ என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, ஆண்டுதோறும் கரியமில வாயுவைக் குறைக்க அரசைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டுமென்று ஓர் இயக்கம் தொடங்கியது. மக்கள் தங்கள் தங்கள் எம்.பி.க்கு எழுதினார்கள், நேரில் போய்ச் சந்தித்தார்கள். ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் அதில் பங்கெடுத்தார்கள். அப்போதிருந்த 646 எம்.பி.க்களில் 412 பேர் அந்தக் கோரிக்கையில் ஒப்பமிட்டார்கள். 2008 நவம்பர் 26 அன்று காலநிலை மாற்றச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. நிசா புயல் மழையில் யாழ்ப்பாணம் மூழ்கிக் கிடந்ததும் அதே வாரந்தான். வன்னியில் போர் உச்சத்தில் இருந்த நேரம். லண்டனில் எங்கள் ஆட்களுக்கு அந்தச் சட்டம் கண்ணில் படாததில் வியப்பில்லை. 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2050க்குள் 80 சதவீதக் குறைப்பு என்று எழுதப்பட்டிருந்த இலக்கு, 2019இல் நிகர பூச்சியமாக, அதாவது வெளிவிடும் அளவும் அகற்றும் அளவும் சமமாகும்படி, மாற்றப்பட்டது.

இனி வாக்கு. எங்கள் ஆட்களில் பலர் இன்னமும் நினைப்பது, பிரிட்டிஷ் பிரசை ஆனால்தான் வாக்கு என்று. அப்படியில்லை. இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் பொதுநலவாய நாடுகள். இங்கே தங்க முறையான அனுமதி உள்ள அந்நாட்டுப் பிரசைகள், மாணவர் விசாவில் இருப்பவர் உட்பட, பாராளுமன்றம், சபை, லண்டன் மேயர் எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். பிரான்ஸ், ஜெர்மனி பிரசாவுரிமையோடு வந்தவர்களின் நிலைதான் சிக்கல்: பாராளுமன்ற வாக்கு இல்லை, 2020 முடிவதற்கு முன்பிருந்தே தொடர்ந்து சட்டப்படி இங்கே வசிப்பவர்களுக்கு உள்ளூராட்சி வாக்கு உண்டு. நோர்வே, சுவிஸ் பிரசைகளுக்கு இரண்டும் இல்லை.

ஊரில் கிராம சேவகர் படிவத்தோடு வருவார், வீட்டுத் தலைவர் நிரப்புவார். இங்கே ஒவ்வொருவரும் தாமாகவே பதிய வேண்டும். அரச இணையத்தளத்தில் ஐந்து நிமிட வேலை. தேசிய காப்புறுதி இலக்கம் கேட்பார்கள். அந்த இலக்கம் நினைவில் இல்லாமல்தான் பாதிப்பேர் நடுவிலே விட்டுவிடுகிறார்கள். சம்பளத் துண்டிலோ ஆண்டிறுதி பி60 படிவத்திலோ அது இருக்கும். சங்க விழாவில் பதிவு மேசை போடுவதானால் அழைப்பிதழிலேயே “இலக்கத்தைக் கொண்டு வாருங்கள்” என்று அச்சிடுங்கள். பதிபவரே தன் கைபேசியில் பதியட்டும்; மற்றவர் விவரங்களை ஒரு தாளிலும் எழுதி வைக்காதீர்கள். இங்கிலாந்தில் பதினாறு வயதிலேயே பெயரைப் பதிந்து வைக்கலாம் என்பதால் பிள்ளைகளையும் மேசைக்கு அனுப்பலாம்.

பதிவுக்கான கடைசி நாள் தேர்தலுக்கு 12 வேலைநாள் முன். சபைத் தேர்தல் மே மாத முதல் வியாழனில் வரும். இடையில் வார இறுதிகளும், சில ஆண்டுகளில் மே விடுமுறையும் உயிர்த்த ஞாயிறு விடுமுறையும் கழிய, அது ஏப்ரல் நடுவில் போய் நிற்கும். 2022இல் அது ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்பு அன்றே விழுந்தது. கைவிசேடம் வாங்கப் போன வீடுகளில் நள்ளிரவோடு வாக்கும் போயிருக்கும்.

2023 மே முதல் இங்கிலாந்தில் வாக்களிப்பு நிலையத்தில் படமுள்ள அடையாள ஆவணம் காட்ட வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு ஏற்கப்படும். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் ஏற்கப்படாது. அறுபது கடந்தவர்களின் ஒயிஸ்டர் பயண அட்டையும் பிரீடம் பாஸும் செல்லும், மாணவர் ஒயிஸ்டர் செல்லாது. காலாவதியான ஆவணமானாலும் படத்தில் முகம் பொருந்தினால் போதும். ஒன்றுமே இல்லாதவர், 6 வேலைநாள் முன் மாலை 5 மணிக்குள் வாக்காளர் சான்றிதழுக்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு வரும் தனிச் சிக்கல் பெயர். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், வாக்காளர் இடாப்பில் பின்னால். ஒன்றில் முதலெழுத்து, மற்றதில் முழுப்பெயர். கல்யாணத்துக்குப் பின் இன்னொன்று. சிறு வேறுபாட்டை நிலையப் பொறுப்பதிகாரி ஏற்கலாம், ஆனால் முடிவு அவர் கையில். பதியும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதுவதுதான் புத்தி.

தபால் வாக்கில் வேறு வகைப் பிழைகள். வாக்குச்சீட்டு ‘ஏ’ உறைக்குள். அந்த உறையும் ஒப்பமிட்ட கூற்றுப் படிவமும் ‘பி’ உறைக்குள். படிவத்தில் பிறந்த திகதிக்குப் பதிலாக அன்றைய திகதியை எழுதுவோர் ஏராளம். விண்ணப்பத்தில் தமிழில் ஒப்பமிட்டுவிட்டுப் படிவத்தில் ஆங்கிலத்தில் ஒப்பமிட்டால், இரண்டும் பொருந்தாமல் வாக்கு எண்ணப்படாமலே ஒதுக்கப்படும். ஒருமுறை எடுத்தால் என்றைக்கும் என்ற காலம் போய்விட்டது. மூன்று ஆண்டுக்குள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். வேட்பாளருக்காக வேலை செய்பவர்கள் குடும்பத்தார் அல்லாதவரின் தபால் வாக்கைத் தொடவே கூடாது. “தம்பி, இதையும் ஒருக்கால் போட்டுவிடு” என்று கொடுப்பதை அவர்கள் வாங்கினால் இப்போது குற்றம்.

வாக்குச்சீட்டில் புள்ளடி மட்டும். இலங்கை ஜனாதிபதித் தேர்தல் பழக்கத்தில் 1, 2, 3 என்று எழுதாதீர்கள். லண்டன் சபைகளில் பல வட்டாரங்களுக்கு மூன்று உறுப்பினர். அங்கே மூன்று புள்ளடி வரை போடலாம். நாலாவது விழுந்தால் முழுச் சீட்டும் செல்லாது.

ஒரு வாக்கால் என்ன ஆகும் என்பவர்கள் 2023 யூலையில் மேற்கு லண்டன் அக்ஸ்பிரிட்ஜில் நடந்த பாராளுமன்ற இடைத்தேர்தலைப் பார்க்கட்டும். காற்று மாசைக் குறைக்கவென்று பழைய வாகனங்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண் அறவிடும் லண்டன் மேயரின் திட்டம் பற்றிய சண்டையில் அது 495 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. திட்டம் சரியோ பிழையோ, கோபப்பட்டவர்கள் வாக்களிக்கப் போனார்கள். காற்றைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் எல்லோரும் போனார்களா?

யாருக்கு வாக்களிப்பது என்று இந்த மலர் சொல்லாது, சொல்லவும் முடியாது. எங்களுடையதைப் போல அறக்கட்டளையாகப் பதிந்த சங்கங்கள் கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிக்கக் கூடாது. ஆனால் வாக்காளர் பதிவுக்கு ஊக்கம் கொடுக்கலாம். எல்லா வேட்பாளரையும் அழைத்து, மழைநீர் வடிகால் பற்றியும் வெப்ப நாட்களில் முதியோர் தங்க இடம் பற்றியும் ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேட்கலாம். தெரிந்த முகம் என்று ஒருவரை மட்டும் மேடையேற்றினால் அது பிரசாரக் கணக்கில் சேர்ந்துவிடும்.

மே தேர்தல் முடிந்த பிறகுதான் மன்ற ஒழுங்கு முழுதாகக் கைகொடுக்கிறது. வீதியில் வெள்ளம் நின்றால் முதலில் யாருடைய பொறுப்பு என்று பாருங்கள். வீதியோரக் கிராதியில் இலை அடைத்திருந்தால் உள்ளூர்ச் சபை. சிவப்புக் கோடு போட்ட பெருந்தெருவானால் லண்டன் போக்குவரத்துச் சபை. நிலத்தடிக் குழாய் நிரம்பி மேலே பொங்கினால் தேம்ஸ் வோட்டர் நிறுவனம். தவறான இடத்துக்குப் போன முறைப்பாடு கைமாறிக் கைமாறி மாதக்கணக்கில் அலையும். மழைக்கு முன் ஒரு படம், மழையில் ஒரு படம், பக்கத்து விளக்குக் கம்பத்தின் இலக்கம், முறைப்பாட்டு எண் இத்தனையும் இருந்தால் சபை உறுப்பினரால் தப்ப முடியாது. எம்.பி.க்கு எழுதும்போது முழு முகவரியும் தபால் குறியீடும் கட்டாயம்; தன் தொகுதி ஆளா என்று பார்த்துத்தான் பதில் போடுவார். நூறு பேர் ஒரே வாசகத்தை அனுப்பினால் நூறு பேருக்கும் ஒரே பதில்தான் வரும். ஐந்து பேர் சொந்தச் சொல்லில் எழுதிவிட்டு, அவர் மக்களைச் சந்திக்கும் நாளில் நேரே போவது மேல்.

கேட்கும் உரிமையோடு எங்கள் முற்றத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். வீடு வாங்கியதும் முன்வளவு முழுவதையும் சீமெந்து பூசி இரண்டு கார் விட இடமாக்குவது எங்கள் ஆட்களின் முதல் வேலை. 2008 ஒக்டோபர் முதல் இங்கிலாந்தில் 5 சதுர மீற்றருக்கு மேல் நீர் ஊறாத தரை போட்டுத் தண்ணீரை வீதிக்கு விட்டால் திட்டமிடல் அனுமதி வேண்டும். நீர் ஊறும் கல் பதித்தாலோ, தண்ணீர் பூப்பாத்திக்குப் போக வழி வைத்தாலோ அனுமதியே தேவையில்லை.

காசு கேட்கும் கோரிக்கைகளுக்குப் பருவம் உண்டு. சபைகள் அடுத்த ஆண்டு வரியை மார்ச் 11க்குள் தீர்மானிக்க வேண்டும். பாதீட்டு வரைவு குளிர்காலத்திலேயே உருவாகிவிடும். பெப்ரவரியில் போய் வீதி மரம் கேட்டால் “அடுத்த வருசம் பார்ப்போம்” என்பார்கள். மரம் நடுவதோ நவம்பர் முதல் மார்ச் வரை. ஆகவே கோடையிலேயே இடத்தைக் குறித்து, அயலவர் இருவரின் ஒப்பத்தோடு, செப்டெம்பருக்குள் எழுத்தில் கொடுங்கள். முதல் மூன்று கோடைக்கும் தண்ணீர் ஊற்ற யார் பொறுப்பு என்பதையும் அந்தக் கடிதத்திலேயே பெயரோடு எழுதிவிடுங்கள்.