பி12 பார்த்தீங்களா?

எங்கள் பெரியம்மா முகம் கழுவக் கண்ணை மூடினாலே தள்ளாடுவார். "வயசாச்சு, சர்க்கரை வேற" என்றே சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அடிமட்டத்தில்!

நரம்பைச் சுற்றியுள்ள பாதுகாப்பு உறை (மயலின்) சிதையாமலிருக்க பி12 வேண்டும். குறைந்தால் தண்டுவடத்தின் பின்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் பழுதாகும். பாதம் எங்கே இருக்கிறது என்ற தகவல் மூளைக்குப் போவது அந்தப் பின்பகுதி வழியாகத்தான். அது கெட்டால் கண்தான் துணை. இருட்டில் நடப்பதே பாடு. மறதி, எரிச்சல், மனச்சோர்வும் வரலாம்.

பி12 குறைய முக்கியக் காரணங்கள்: சுத்த சைவம், வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை), அசிடிட்டி மாத்திரை. பெரியம்மாவுக்கு மூன்றும் உண்டு. (கீரையில் பி12 கிடையாது, எவ்வளவு சாப்பிட்டாலும்.)

என்னைப் பயமுறுத்தியது இன்னொன்று. பி12 குறைவால் வரும் ரத்தசோகைக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டால் ரத்தம் தேறிவிடும். நரம்புச் சேதம் சத்தமில்லாமல் தொடரும்.

இப்போது ஊசி போடுகிறார்கள். மரமரப்பு குறைந்திருக்கிறது, நடை இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. தாமதமானால் எல்லாம் மீளாது என்றார் டாக்டர். பெரியம்மாவோ, "ஊசி எதுக்குடி, ரெண்டு டம்ளர் மோர் கூடக் குடிச்சாப் போதாதா?" என்கிறார்.